ஜூலையில் கனத்த சருகு: குந்தா சோலையில் ஒரு கார்பன் கணக்கு பிசகிய கதை

நீலகிரியில் ஒரு சோலைக்காட்டின் கார்பன் கணக்கை எடுக்க, உதிரும் சருகைக் கூடையில் பிடித்து எடை போட்டுவந்தோம். ஜூன் மாதம் வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஜூலையின் முதல் தாளைக் கணினியில் ஏற்றியபோது வரைகோடு ஏணி வைத்தாற்போல் மேலே போனது. பதினைந்தே நாளில் எங்கள் சோலைக்காடு வழக்கத்தைவிட இரண்டு மடங்குக்கும் கூடுதலாகச் சருகு உதிர்த்திருந்தது. அடுத்த தாளிலும் அதே கதை.

குழுவில் யாரும் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆடிக்காற்றில் அம்மியே பறக்கும்போது இலை உதிராதா என்ன? எனக்கும் அது சரியாகவே பட்டது. தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதும் சரிவு அது. அந்த எண்களை அப்படியே ஆண்டுக் கணக்கில் சேர்த்திருப்போம். சேராமல் தடுத்தது தேயிலை ஃபேக்டரியில் டிரையர் ஓட்டிய ஒருவரின் விரல்கள். அந்த இடத்துக்கு வருமுன் ஏற்பாட்டைச் சொல்லிவிடுகிறேன்.

இருப்பு வேறு, ஓட்டம் வேறு

நீலகிரியின் தென்மேற்கு விளிம்புதான் குந்தா. அவலாஞ்சி, மேல்பவானி எல்லாம் இந்தப் பக்கம். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது பலருக்கு நினைவிருக்கும். எங்கள் ஆய்வுப் பிளாட் சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், புல்வெளிக்கு நடுவே மலை மடிப்பில் ஓடையை ஒட்டி ஒதுங்கிய சோலைக்காட்டில் இருந்தது. நாவல் இனங்கள், காட்டு லவங்கம், காட்டுச் செண்பகம், விளிம்பில் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான். மரங்கள் குட்டை, உச்சிகள் வட்டம், கிளை முழுக்கப் பாசியும் பெரணியும். சோலையை விட்டு வெளியே வந்தால் சீகையும் (வாட்டில்) கற்பூர மரமும் (யூகலிப்டஸ்), அதற்கும் கீழே தேயிலை.

இதே மாவட்டத்தில் முதுமலையில் 1988-ல் இந்திய அறிவியல் கழகத்தின் சுகுமார் குழுவினர் 50 ஹெக்டேர் நிரந்தரப் பிளாட் ஒன்றைப் போட்டார்கள். நெஞ்சுயரத்தில் 1 சென்டிமீட்டர் தடிமன் உள்ள தண்டுக்குக்கூட அங்கே எண் உண்டு. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் திரும்ப அளந்தால் எது செத்தது, எது வளர்ந்தது, காட்டில் எவ்வளவு கார்பன் இருக்கிறது என்று தெரிந்துவிடும். எங்களுக்கு வேண்டியது அந்த இருப்புக்குள்ளே நடக்கும் வரவு செலவு. மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பனில் இலைக்கு எவ்வளவு போனது, தண்டுக்கு எவ்வளவு, வேருக்கு எவ்வளவு, மண்ணிலிருந்து எவ்வளவு திரும்பக் காற்றுக்குப் போனது என்ற கணக்கு.

இதற்கு ஒரு பழகிய முறை இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டில் யத்விந்தர் மல்ஹி முன்னின்று வளர்த்த ஜெம் (GEM, உலகச் சூழல்தொகுதிக் கண்காணிப்பு) வலையமைப்பினர் அமேசான், ஆண்டிஸ் சரிவு, ஆப்பிரிக்கா, போர்னியோ என்று பல இடங்களில் ஒரே மாதிரி அளக்கிறார்கள். ஒரு ஹெக்டேர் நிலத்தை 20-க்கு 20 மீட்டராக 25 கட்டம் போடு. கட்டத்துக்கு ஒரு சருகுக் கூடை வை, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அள்ளு. மரங்களுக்கு எஃகுப் பட்டை கட்டி மூன்று மாதத்துக்கு ஒருமுறை படி. வேர் வளர வலைக்கூடைகளைப் புதைத்து அதே இடைவெளியில் எடு. மாதம் ஒருமுறை மண்ணின் மூச்சை அள. சுருக்கம் இவ்வளவுதான். கருவிகள் எளியவை, ஆள் வேலைதான் அதிகம்.

சோலையில் ஒரு ஹெக்டேரைச் சதுரமாகப் போடவே இடம் கிடைக்கவில்லை. நீளவாக்கில் போட்டோம். அதுவும் சரிவு. 30 டிகிரி சரிவில் 20 மீட்டர் கிடைத்தூரம் வேண்டுமென்றால் நாடாவை 23.1 மீட்டர் இழுக்க வேண்டும். இதை மறந்துவிட்டு வரைபடத்தில் ஹெக்டேர் என்று எழுதியவர்கள் நிறைய.

கூடையிலிருந்து தாளுக்கு

கூடை என்பது அரை மீட்டருக்கு அரை மீட்டர் பி.வி.சி. குழாய்ச் சட்டம். அதில் கொசுவலைபோல் நைலான் வலை தொங்கும். தரையிலிருந்து ஒரு மீட்டர் உயரத்தில் நிற்கும். அள்ளியதைக் காக்கிப் பையில் போட்டு, தேதியும் கூடை எண்ணும் பென்சிலால் எழுதுவோம். மழையில் பேனா மை ஓடிவிடும். பிறகு மேஜையில் கொட்டிப் பிரிப்பது: இலை, 2 சென்டிமீட்டருக்கு மெல்லிய சுள்ளி, பூ, காய் மற்றும் விதை, பாசி வகையறா, மிச்சத் தூசி. அதைவிடத் தடித்த கிளை சருகுக் கணக்கில் வராது. விழுந்த மரத்துக்கென்று தனியாகத் தரையில் அளவைக்கோடுகள் போட்டிருக்கிறோம், அங்கே போய்ச் சேரும்.

பிரித்ததை ஓவனில் உலர்த்தி எடை போட வேண்டும். 60 முதல் 80 டிகிரிக்குள், எடை மேற்கொண்டு குறையாமல் நிற்கும் வரை. கடைசி ஐந்து சொற்களில்தான் நாங்கள் விழுந்தோம்.

ஓவன் எங்களுடையது இல்லை. மலையிலேயே ஓர் ஆய்வகத்தில் இரவல் கேட்டு வாங்கிய இடம். பிப்ரவரியில் தொடங்கியபோது சருகு பாதி காய்ந்தே வரும். 70 டிகிரியில் ஒரு ராத்திரி வைத்தால் போதும் என்று அப்போது பார்த்துவைத்தோம். 'ஒரு ராத்திரி' விதியானது அப்படித்தான். யாரும் எங்கும் எழுதவில்லை. ஆனாலும் விதிதான்.

அம்மி பறந்ததா?

காற்றுதான் காரணம் என்றால் அதற்குத் தடயம் இருக்க வேண்டும். வேகக் காற்று பழுத்த இலையோடு பச்சை இலையையும் பிய்த்துப் போடும், சுள்ளியை ஒடித்துப் போடும். அப்படியானால் மொத்தத்தில் சுள்ளியின் பங்கு தூக்கலாகத் தெரிய வேண்டும். தாளைப் பிரித்துப் பார்த்தேன். சுள்ளி கூடியிருந்தது, உண்மை. இலையும் ஏறக்குறைய அதே அளவு கூடியிருந்தது. பூவும் கூடியிருந்தது. அந்த நேரத்தில் சோலையில் சொல்லிக்கொள்ளும்படி ஒன்றும் பூக்கவில்லை. எல்லாவற்றையும்விட மிக அதிகமாக ஏறியது பாசி. காற்று இவ்வளவு சமத்துவம் பார்க்காது.

அடுத்த சந்தேகம் கூடைமேல். ஜூனில் காட்டெருமை ஒன்று இரண்டு கூடைகளை மிதித்து நொறுக்கியிருந்தது. (இந்த மலையில் களப்பணி செய்த யாரைக் கேட்டாலும் இதே புகார்தான்.) அவசரத்துக்குக் கையில் இருந்த குழாயை வளைத்து வட்டமாக இரண்டு கூடை செய்திருந்தோம். நாடா வைத்தால் குறுக்களவு 60 சென்டிமீட்டர். சதுரக் கூடையின் பரப்பு 0.25 சதுர மீட்டர். இந்த வட்டத்தின் பரப்பு 0.283. பிடித்த சருகெல்லாம் 13 சதவீதம் கூடுதல். 56.4 சென்டிமீட்டராக வளைத்திருந்தால் சரியாக இருந்திருக்கும். பிழைதான், ஆனால் 25-ல் இரண்டு கூடை. மொத்தம் இரட்டிப்பானதற்கு இது போதாது.

எட்டாம் எண் கூடையின் குறுக்கே பாசி மூடிய கிளை ஒன்று விழுந்து கிடந்திருக்கிறது. எங்களோடு வந்த மாணவர் அதைக் கூடை விளிம்போடு ஒட்டி வெட்டி, உள்ளே இருந்த துண்டை நியாயமாகப் பையில் போட்டிருக்கிறார். நியாயம்தான், ஆனால் கிளை 2 சென்டிமீட்டரைவிடத் தடிமன். அதை எடுத்து வேறு கணக்கில் போட்டோம். வரைகோடு கொஞ்சம் இறங்கியது. இன்னும் உயரத்தில்தான் நின்றது.

"இது காயலை"

எங்கள் களத்துணையாக இருந்த அண்ணன் குந்தா பக்கத்துக்காரர். காட்டுக்கு வருமுன் பதினைந்து வருடம் தேயிலை ஃபேக்டரியில் வேலை. அதில் பாதிக்கு மேல் டிரையர் வாயில். எடை போட்ட பொட்டலங்களைத் தகரப்பெட்டியில் அடுக்க வந்தவர், வாய் திறந்திருந்த ஒன்றில் கைவிட்டு ஓர் இலையை எடுத்தார். காட்டு லவங்க இலை, மூன்று நரம்பும் தெளிவாகத் தெரிந்தது. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து மடித்தார். மடங்கியது. விட்டார், மெதுவாக விரிந்தது.

"தம்பி, இது காயலை."

"எழுபது டிகிரில ஒரு ராத்திரி இருந்துச்சுண்ணா."

"ராத்திரிக் கணக்கெல்லாம் ஆகாதுங்க. நொறுங்கணும். இது மடங்குது பாருங்க. ஃபேக்டரில இதைக் கொண்டுபோய் வச்சா டீமேக்கர் மூஞ்சிலயே வீசுவாரு."

பச்சைத் தேயிலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். நாலு கிலோ சொச்சம் பச்சை இலை போனால் ஒரு கிலோ தூள் வரும். டிரையரிலிருந்து வெளியே வரும்போது தூளில் 3 சதவீதம் அளவுக்குத்தான் ஈரம் இருக்கலாம். கூடினால் பூஞ்சை. அதனால் அங்கே கையில் எடுத்துப் பார்க்காமல் யாரும் அடுத்த படிக்குப் போவதில்லை. இன்னொன்றையும் அவர் சொன்னார். மழைக்காலத்தில் இலை கொண்டுபோகிற சிறு விவசாயிக்கு எடையில் தண்ணீர்க் கழிவு பிடிப்பார்கள். எவ்வளவு பிடிப்பது என்று சண்டையே நடக்கும். "நாங்க கிலோவுக்குச் சண்டை போடுறோம், நீங்க கழிக்கவே இல்லையே" என்றார். பதில் சொல்ல ஒன்றும் இல்லை.

பெட்டியிலிருந்த பதினேழாம் எண் கூடையின் இலைப் பொட்டலத்தை எடுத்தோம். தாளில் 41 கிராம் என்று இருந்தது. திரும்ப ஓவனில் வைத்து ஒரு நாள் கழித்து எடுத்தால் 34. இன்னொரு நாள், 31. மூன்றாம் நாள் 30.5. நாலாம் நாளும் 30.5. அப்போது எடுத்த இலை விரலுக்கு நடுவே சத்தம் போட்டு உடைந்தது.

ஏன் இப்படி ஆனது என்று பின்னோக்கிப் பார்த்தால் புதிராக ஒன்றும் இல்லை. பிப்ரவரியில் பாதி காய்ந்து வந்த சருகு, ஜூலையில் பிழிந்தால் நீர் சொட்டும் நிலையில் வந்தது. அளவும் கூடுதல். இருபத்தைந்து பை, ஒவ்வொன்றும் ஐந்தாறு பொட்டலம், எல்லாம் ஒரே ஓவனில் இடுக்கிடுக்காக அடுக்கியிருந்தோம். நடுவில் இருந்தவற்றுக்குச் சூடான காற்றே போயிருக்காது. போதாததற்கு மரம் விழுந்து கம்பி அறுந்து கரண்ட் இல்லாத ராத்திரிகள். காலையில் வந்து பார்ப்பவருக்கு ஓவன் ஆறியிருப்பது தெரியும், எப்போது ஆறியது என்று தெரியாது. பாசி ஏன் எல்லாவற்றையும்விட அதிகமாக ஏறியது என்பதும் புரிந்துபோனது. தன் எடையைப்போலப் பல மடங்கு நீரைப் பிடித்துவைத்துக்கொள்ளும் பொருள் அது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். உலர்ந்த பொட்டலம் பெட்டியில் இருந்தபோது மலைக்காற்றின் ஈரத்தைத் திரும்ப இழுத்திருக்கலாமே? சோதித்துப் பார்த்தோம். நொறுங்கும் அளவுக்குக் காய்ந்த இலையை ஓவனிலிருந்து எடுத்துத் திறந்த தட்டில் தராசின்மேல் வைத்தோம். வெளியே மூடுபனி. தராசின் கடைசி இலக்கம் எங்கள் கண்ணெதிரே ஒவ்வொன்றாக ஏறியது. தேநீரும் வர்க்கியும் முடிப்பதற்குள் முந்தைய இலக்கமும் மாறிவிட்டது. ஆக, தாளில் ஏறிய நீரில் எவ்வளவு ஓவனில் போகாதது, எவ்வளவு ஆறும்போது திரும்ப வந்தது என்று இனி பிரிக்க முடியாது. பிரிக்கத் தேவையும் இல்லை. எல்லாவற்றையும் மறுபடி உலர்த்தி, சிலிக்கா ஜெல் போட்ட மூடிய டப்பாவில் ஆறவைத்து, உடனே எடை போட்டால் உலர் எடை கிடைத்துவிடும். பூஞ்சை பிடித்த பொட்டலங்களுக்கு மட்டும் அது பலிக்காது. பூஞ்சை தின்ற கார்பன் போனது போனதுதான். அவற்றைக் குறித்து ஒதுக்கிவிட்டோம்.

நாலு கிராம் தண்ணீர்

இதெல்லாம் சில்லறை விஷயம், இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்களுக்காக ஒரு கணக்கு. 25 கூடைகளின் மொத்தப் பரப்பு 6.25 சதுர மீட்டர். ஹெக்டேர் என்பது 10,000 சதுர மீட்டர். கூடையில் கிடைத்ததை 1,600 மடங்கு பெருக்கித்தான் ஹெக்டேர்க் கணக்கு வருகிறது. ஒவ்வொரு பையிலும் வெறும் 4 கிராம் நீர் தங்கினால் மொத்தம் 100 கிராம். 1,600-ஆல் பெருக்கினால் ஹெக்டேருக்கு 160 கிலோ. ஆண்டுக்கு 26 முறை அள்ளுகிறோம். 4 டன்னுக்குக் கொஞ்சம் கூட. வெப்பமண்டலக் காடுகளில் ஆண்டுச் சருகு உதிர்வே ஹெக்டேருக்குச் சில டன்னிலிருந்து பத்துப் பன்னிரண்டு டன் வரைதான் இருக்கும். அதில் பாதியளவுக்குத் தண்ணீரே இலையாக வேஷம் போட்டுவிடும். பதினேழாம் பொட்டலத்தில் இருந்தது 10 கிராமுக்கும் மேல்.

எதிர்த்திசைப் பிழையும் ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி அதிகம் பேச மாட்டார்கள். பதினைந்து நாள் மழையில் ஊறும் சருகு கூடையிலேயே மக்கத் தொடங்கும். கரையக்கூடியதெல்லாம் பழுப்பு நீராக வலை வழியே சொட்டிப் போகும். அதனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை வாரத்துக்கு ஒருமுறை அள்ளுவது என்று மாற்றினோம். நடை இரட்டிப்பு, அட்டைக்கடி இரட்டிப்பு. அள்ளிய பையை முதலில் ஒரு கொட்டகையில் கம்பியில் தொங்கவிட்டு நீர் வடியவைத்து, அதன் பிறகே ஓவன். ஒரு தடவைக்குப் பாதி அளவுதான் ஓவனுக்குள் போகும். நேரம் எவ்வளவு என்பதைக் கடிகாரம் சொல்வதில்லை. அடுத்தடுத்த இரண்டு நாள் எடை ஒன்றாக வந்தால் முடிந்தது.

எல்லாம் திருத்திய பிறகும் ஜூலை, ஜூனைவிடக் கூடுதலாகத்தான் நின்றது. சுள்ளியின் பங்கும் இப்போது தூக்கலாகத் தெரிந்தது. ஆடிக்காற்று பொய் சொல்லவில்லை. அதன் பேரில் நாங்கள்தான் தண்ணீரை எழுதியிருந்தோம்.

மரத்தின் இடுப்பு

சருகில் இப்படி என்றால் மற்றவற்றில்? இந்தக் கேள்வி வந்த பிறகு தூக்கம் போய்விட்டது. முதலில் பார்த்தது எஃகுப் பட்டைகளை.

மரத்தைச் சுற்றிக் கட்டிய மெல்லிய துருப்பிடிக்காத எஃகு நாடா, அதன் இரு முனைகளுக்கு நடுவே ஒரு ஸ்பிரிங். மரம் பருத்தால் இடைவெளி விரியும். அதை டிஜிட்டல் காலிப்பரால் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குவரை படிக்கலாம். சாதாரண நாடாவால் இந்த வேலை ஆகாது. சோலை மரங்கள் மெதுவாக வளர்பவை. ஒரு மரம் ஆண்டுக்கு 2 மில்லிமீட்டர் விட்டம் பருத்தால் சுற்றளவு 6.3 மில்லிமீட்டர் கூடும். நாடாவைச் சற்றுக் கோணலாகப் பிடித்தாலே ஒரு சென்டிமீட்டர் போய்விடும். ஆண்டு முழுக்க வளர்ந்ததைவிடப் பிழை பெரிது.

எங்கள் பட்டைகள் ஜூலையில் நல்ல வளர்ச்சி காட்டின. ஜனவரி, பிப்ரவரியில் சில மரங்கள் இளைத்திருந்தன. மரம் இளைக்குமா? மரத்தின் தோல் நீர் குடித்தால் உப்பும், வறண்டால் சுருங்கும். அதற்குமேல் எஃகுப் பட்டைக்கு அடியில் பாசி. கட்டும்போது தூரிகையால் துடைத்துத்தான் கட்டினோம், ஆறு மாதத்தில் மறுபடி ஏறிவிட்டது. ஈரப் பாசி பட்டையைத் தள்ளுகிறது, காய்ந்த பாசி விட்டுக்கொடுக்கிறது. புதிதாகக் கட்டிய பட்டை தளர்வெல்லாம் இறுகி மரத்தோடு ஒட்டிக்கொள்ளவே சில மாதம் ஆகும் என்பதால் முதல் படிப்பை எப்படியும் நம்பக் கூடாது. முடிவாக நாங்கள் செய்தது: பருவத்துக்குப் பருவம் ஒப்பிடுவதைக் கைவிட்டோம். இந்த பிப்ரவரிக்கும் அடுத்த பிப்ரவரிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் வளர்ச்சி. இடையில் வரும் ஏற்ற இறக்கத்தைக் குறித்துவைக்கிறோம், மரக்கட்டையாக எண்ணுவதில்லை.

கட்டையின் எடையிலும் நீர் ஒளிந்திருக்கிறது. மரத்தை வெட்டாமல் எடை சொல்ல உலகம் முழுக்கப் பயன்படும் சமன்பாடு 2014-ல் ஷாவ் குழுவினர் வெளியிட்டது. கட்டை அடர்த்தி, விட்டத்தின் வர்க்கம், உயரம் மூன்றையும் பெருக்கி, 0.976 அடுக்குக்கு உயர்த்தி, 0.0673-ஆல் பெருக்கினால் கிலோவில் எடை வரும். இதில் அடர்த்தி என்பது ஓவனில் உலர்ந்த எடையைப் பச்சைக் கட்டையின் கன அளவால் வகுத்தது. மரக்கடைப் பட்டியலில் இருப்பது காற்றில் காய்ந்த கட்டையின் அடர்த்தி, அதில் 12 சதவீதம் அளவுக்கு ஈரம் உண்டு. அப்படியே எடுத்துப் போட்டால் இங்கேயும் தண்ணீர் கார்பனாகிவிடும்.

நீரோடு சம்பந்தமில்லை என்றாலும் உயரத்தைச் சொல்லாமல் போக முடியவில்லை. 30 சென்டிமீட்டர் விட்டம், 0.6 அடர்த்தி, 12 மீட்டர் உயரமுள்ள சோலை மரத்துக்கு இந்தச் சமன்பாடு சுமார் 353 கிலோ தரும். அதே தடிமனுக்குச் சமவெளிக் காட்டில் 20 மீட்டர் இருக்கும் என்று நினைத்துப் போட்டால் 582 கிலோ. ஒரே மரம். உயரம் அளக்காமல் விட்டம் மட்டும் வைத்துச் சோலையின் கார்பனைச் சொல்லும் எந்தக் கணக்கையும் நான் இப்போது நம்புவதில்லை.

மண் விடும் மூச்சு

மண்ணில் பதித்த பி.வி.சி. வளையத்தின்மேல் ஒரு குடுவையைக் கவிழ்த்து, உள்ளே கார்பன்-டை-ஆக்சைடு எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று ஓரிரு நிமிடம் அகச்சிவப்புக் கருவியால் பார்ப்பதுதான் முறை. களத்தில் அதை எல்லோரும் 'இர்கா' என்பார்கள். வேர் விடும் மூச்சும் மண்ணிலுள்ள நுண்ணுயிர் விடும் மூச்சும் சேர்ந்தே வரும். வேர் புகாத ஆழ வளையங்களைத் தனியாகப் பதித்து இரண்டையும் பிரிக்கலாம். வளையம் பதித்த அன்றே அளப்பது வீண். அறுந்த வேர்கள் அடங்கச் சில வாரம் விட வேண்டும்.

இந்த எண்ணும் பெரிதாகப் பெருகும் எண்தான். ஒரு சதுர மீட்டரில் நொடிக்கு ஒரு மைக்ரோமோல் (மூலக்கூறுகளை எண்ணும் சிறு அலகு) என்பது ஆண்டு முழுக்க அப்படியே நடந்தால் ஹெக்டேருக்கு 3.8 டன் கார்பன். ஜூலையில் எங்கள் எண்கள் சரிந்தன. காரணம் தேடிப் போகவே வேண்டாம், வளையத்துக்குள் நீர் தேங்கியிருந்தது கண்ணுக்கே தெரிந்தது. மண் துளைகளில் நீர் நிறைந்தால் வாயு மேலே வர வழியில்லை, நுண்ணுயிருக்கு ஆக்சிஜனும் போகாது. இது உண்மையான சரிவு, பிழை அல்ல. பிழை வேறிடத்தில் இருந்தது. கருவிக்குள் போகும் காற்றை உலர்த்தும் குழாயிலுள்ள நீல மணிகள் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாக மாறும். பிப்ரவரியில் வாரக்கணக்கில் வந்த மணிகள், ஜூலையில் மதியச் சாப்பாட்டுக்குள் தீர்ந்துவிட்டன. தீர்ந்த பிறகு எடுத்த எண்கள் தாளில் இருந்தன. மணியின் நிறத்தை யாரும் எழுதிவைக்கவில்லை. அந்த நாட்களின் பிற்பகல் எண்களை மொத்தமாக எடுத்துவிட்டோம்.

இதற்கு நேரெதிரான நாள் ஏப்ரலில் வந்தது. மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த மண்ணில் முதல் கோடை மழை. மண்வாசனை எழும் அதே நேரத்தில் மண்ணுக்குள் உறங்கிய நுண்ணுயிர்கள் விழித்து, கிடைத்ததைத் தின்று, மூச்சை ஒரேயடியாக விடுகின்றன. 1950களில் கென்யாவில் மண் ஆய்வு செய்த பர்ச் என்பவர் பெயரால் இதைப் பர்ச் விளைவு என்பார்கள். மாதம் ஒருமுறை போய் அளப்பவருக்கு இது அகப்படாது. அன்று நாங்கள் வேர்க்கூடை எடுக்கத்தான் போயிருந்தோம், இர்கா ஜீப்பில் கிடந்தது. தற்செயல்தான். அந்த ஒரு நாளின் எண்ணை மாதத்துக்கான எண்ணாக எழுதினால் எவ்வளவு பெரிய பொய்யாகும் என்று யோசித்து, தனி வரியில் தனி நிறத்தில் எழுதினோம்.

அப்புறம் காற்றழுத்தம். ஊட்டியில் அரிசி வேக நேரமாகும் என்பது எல்லோருக்கும் தெரியும். 2,100 மீட்டரில் நீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அதே மெல்லிய காற்றுதான் குடுவைக்குள்ளும் இருக்கிறது. பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) ஏற்றத்தை மோலாக மாற்றும்போது கடல்மட்ட அழுத்தமான 1,013 ஹெக்டோபாஸ்கலைப் போட்டால், இங்குள்ள சுமார் 785-க்குப் பதிலாக, விடை ஏறக்குறைய 30 சதவீதம் வீங்கிவிடும். எங்களுக்கு வந்த கணக்குத்தாள் சமவெளியில் தயாரானது. அழுத்தம் ஒரு மூலையில் மாறிலியாக உட்கார்ந்திருந்தது. சருகுப் பிரச்சினை வந்திருக்காவிட்டால் அந்த மூலையை யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டோம்.

வேர்க்கூடைகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. 30 சென்டிமீட்டர் ஆழ வலைக்கூடை, வேர் பொறுக்கிய மண்ணை நிரப்பிப் புதைப்பது. மூன்று மாதம் கழித்து எடுத்து, பத்து நிமிடம் வீதம் நாலு தடவை கையால் வேர் பொறுக்குவது. ஒவ்வொரு பத்து நிமிடத்திலும் கிடைப்பது குறைந்துகொண்டே போகும் வளைவை நீட்டி, கைக்கு அகப்படாத வேரைக் கணிப்பது. மழைக்காலத்தில் மண் களிபோல் ஒட்டுவதால் முதல் பத்து நிமிடத்தில் குறைவாகவும் கடைசிப் பத்தில் நிறையவும் கிடைத்து வளைவு தலைகீழானது. வெள்ளைத் தட்டில் நீர் விட்டு அலசிப் பொறுக்கத் தொடங்கியதும் சரியானது.

பிளாட்டின் கீழ் மூலையில் ஓடையோரம் சதுப்பு. அங்கே எடுத்த கூடை கறுப்பாக, பாதி மக்கிய புல்லோடு வந்தது. நீர் நின்ற இடத்தில் கார்பன் மக்காமல் தங்கிவிடும் என்பதற்கு நீலகிரியே நல்ல சாட்சி. 1993-ல் சுகுமாரும் உடன் ஆய்ந்தவர்களும் இந்த மலைப் பள்ளத்தாக்குகளின் பீட் மண்ணை (பாதி மக்கிய தாவரம் படிந்தது) தோண்டி, சுமார் 20,000 ஆண்டுகளின் கதையை வெளியிட்டார்கள். மர இலையின் கார்பன் ஐசோடோப்பு அளவு (கனமான கார்பன்-13 ஓர் ஒப்பீட்டுத் தரத்தைவிட எவ்வளவு குறைவு என்பது) ஆயிரத்துக்கு மைனஸ் 27-ஐ ஒட்டி வரும், வெப்பமண்டலப் புல்லுக்கு மைனஸ் 13-ஐ ஒட்டி. அடுக்கு அடுக்காக இதை அளந்தால் எந்தக் காலத்தில் வறண்டு புல் பரவியது, எப்போது ஈரம் கூடி மரம் ஏறியது என்று படிக்கலாம். அண்ணனிடம் இதைச் சொன்னபோது கறுப்பு மண்ணை உள்ளங்கையில் வைத்துப் பிழிந்து பார்த்தார். "இதைக் காய வைக்க எத்தனை நாளாகுங்க?" என்று கேட்டார்.

அடுத்த ஆண்டு ஜூலைத் தாளில் ஒரு புதிய பத்தி இருக்கிறது. மாணவர் வரைந்த கட்டம், தலைப்பு மட்டும் அண்ணன் கையெழுத்தில்: 'நொறுங்குதா?' பதினேழாம் எண் இலைப் பொட்டலத்துக்கு நேரே மூன்று நாள் 'இல்லை' என்று எழுதியிருக்கிறது. நாலாம் நாள் 'ஆம்'. அதற்கு அடுத்த கட்டத்தில்தான் எடை.